மருத்துவப் பொறியாளர்கள் எந்த வழியாக வந்தனர்?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் பேச்சின் போக்கே மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு ஒரு மாலை, மஃரிபுத் தொழுகைக்குப் பின், என் நண்பர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவன். ஆயினும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டவில்லை. மருத்துவத்தை அடியோடு விட்டு விலகவும் அவனுக்கு மனமில்லை. நோயாளிக்குப் பயன்படும் கருவிகளைச் செய்யும் துறையில் நுழைவதென்று முடிவு செய்திருந்தான்.

"மாமா, உயிர்மருத்துவப் பொறியியல் என்ற பெயரிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதிலேயே சேர்ந்துவிடலாமா? அல்லது மின்னணுவியலோ இயந்திரவியலோ படித்துவிட்டு அதன் வழியாக இதற்குள் வரலாமா?" என்று கேட்டான்.

நண்பர் அவனைவிடச் சுருக்கமாகப் பேசினார்: "வீட்டில் இருக்கிற நகையை வைத்துத்தான் பணம் கட்டப் போகிறோம். நான்கு வருடம் கழித்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கக் கூடாது."

இத்தகைய கேள்விக்கு உடனே விடை கூறுவோர் நாட்டில் ஏராளமாக உள்ளனர். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. இன்று மருத்துவமனைகளில் உயிர்காக்கும் கருவிகளை முதன்முதலில் ஆக்கியவர்கள் யார், அவர்கள் கல்லூரியில் எதைப் படித்திருந்தனர், அந்தப் படிப்பு அவர்களுக்கு எந்த இடத்தில் கைகொடுத்தது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். பார்த்ததில் கிடைத்தவற்றையே ஈண்டு வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தொடக்கத்தில் இத்துறைக்கெனத் தனிப் பொறியாளர் என்று எவரும் இருந்ததில்லை. மருத்துவரே கருவியையும் செய்துகொண்டார். இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டிய ஐந்தோவன் அவர்கள் ஹாலந்து நாட்டின் லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர். பிறந்தது ஜாவாத் தீவில். அவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை கொண்டது. அதனை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி தம் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்கு அக்கருவி சுருங்கியிருக்கிறது. அப்படிச் சுருக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். மின்னணுவியல் கற்ற பொறியாளர்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ரேடியோவும் ராடாரும் பழகிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலை தேடி நின்றனர். அவர்களுள் சிலர் மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்ந்தனர். அமெரிக்காவில் ஏர்ல் பேக்கன் என்பவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் கற்றவர். 1949இல் தம் மைத்துனருடன் கூடி ஒரு கார்க் கொட்டகையில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலைத் தொடங்கினார். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. அதே நகரில் லில்லஹாய் என்னும் அறுவை மருத்துவர் பிறவியிலேயே இதயத்தில் துளையுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்துவந்தார். அறுவைக்குப் பின் சில குழந்தைகளின் இதயத் துடிப்பு தாழ்ந்துவிடும். அதைத் தூண்டிவிடும் கருவி அந்நாளில் சுவரிலுள்ள மின்செருகியோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தது. 1957 அக்டோபர் 31 அன்று அந்நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அன்று ஒரு குழந்தை இறந்துபோனதாகக் கூறுவர். மின்கம்பியை நம்பாத கருவி ஒன்று வேண்டும் என்று லில்லஹாய் பேக்கனிடம் கேட்டார்.

நான்கே வாரங்களில் பேக்கன் அதைச் செய்து கொடுத்தார். இசை பயில்வோர் தாளம் தவறாதிருக்க வைத்துக்கொள்ளும் தாளக் கருவிக்கான டிரான்சிஸ்டர் சுற்று ஒன்றை மின்னணுவியல் இதழ் ஒன்றில் அவர் முன்பு கண்டிருந்தார். அதனையே சிறிது மாற்றி, மின்கலத்தில் இயங்கும் கையடக்கப் பெட்டிக்குள் அமைத்தார். ஒரு நாய்க்குப் பொருத்திச் சோதித்துவிட்டு வீடு திரும்பியவர் மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றபோது, அது ஒரு குழந்தைக்கே பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டு திகைத்தார். லில்லஹாய்க்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, குழந்தைக்கும் அவகாசமில்லை.

இக்கதையில் நம் பையன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேக்கனுக்கு இதயத்தைப் பற்றி ஓரளவுதான் தெரியும். ஆனால் சீரான இடைவெளியில் ஒரு மின்துடிப்பை எழுப்புவது எப்படி என்பது நன்றாகத் தெரியும். மற்றதை லில்லஹாய் அறிந்திருந்தார்.

பேக்கனின் கருவி உடலுக்கு வெளியே தொங்கியது. அதை உடலுக்குள் வைத்தவர்களுள் ஒருவர் வில்சன் கிரேட்பேட்ச். இவரும் போரில் ரேடியோ இயக்கியவர். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் கற்றார். இதய ஒலிகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தபோது, பெட்டியிலிருந்து தவறான மின்தடையை எடுத்துப் பொருத்திவிட்டார். 10,000 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 லட்சம் ஓம் அமர்ந்துவிட்டது. சுற்று ஒரு நொடிக்கு ஒருமுறை துடித்து அடங்கியது. பொறியியல் அறியாதவர் அதைக் கழற்றி எறிந்திருப்பார். கிரேட்பேட்ச் அது இதயத்தின் தாளம் என்பதை உணர்ந்துகொண்டார். 1958இல் பஃபலோ நகரில் சார்டாக் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து விலங்கிலும், 1960இல் மனிதரிலும் அது பொருத்தப்பட்டது.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அக்காலத்துப் பாதரச மின்கலம் இரண்டு ஆண்டுகள் அளவிலேயே தீர்ந்துபோகும். மீண்டும் நெஞ்சைக் கிழிக்க வேண்டும். எனவே மின் பொறியாளரான அவர் மின்வேதியியலைப் புதிதாகக் கற்று, 1970களில் லித்தியம் அயோடின் மின்கலத்தை இத்தொழிலுக்குக் கொண்டுவந்தார். கருவியின் ஆயுள் பன்மடங்கு கூடியது. நாற்பது வயதைக் கடந்தும் அவர் மற்றொரு பாடத்துக்கு மாணவராக நேர்ந்தது.

இவ்விருவருக்கும் மாறாக ஒரு சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மனித உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் துடிப்புக் கருவியை 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோம் நகரில் செய்து தந்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட். அவர் மருத்துவம் படித்தவர். பொறியாளராகத் தொழில் செய்தவர். காலணி மெழுகு டப்பாவை அச்சாகக் கொண்டு பிசினை வார்த்து அக்கருவியை உருவாக்கினார். முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆயினும் அதைப் பெற்ற நோயாளி ஆர்னே லார்சன், ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். கருவியைச் செய்தவரும் நெஞ்சைத் திறந்த மருத்துவரும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர்.

அடுத்து, உடலைத் திறவாமலே உள்ளே பார்க்கும் கருவி. சி.டி. ஸ்கேன் என்று நாம் வழங்கும் அதனை ஆக்கிய காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டுக்குப் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது. ஃபாரடே ஹவுஸ் என்ற மின் பொறியியல் கல்லூரியின் சான்றிதழ் மட்டுமே பெற்றவர். போர்க்காலத்தில் விமானப் படையில் ராடார் கற்பித்தார், பின்னர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் கணிப்பொறி அமைத்தார். 1967இல் அவருக்கு எழுந்த எண்ணம் மருத்துவத்தைப் பற்றியதே அன்று. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை, பல கோணங்களிலிருந்து அதனூடே கதிரைச் செலுத்தி, கணக்கிட்டே கண்டுவிட முடியாதா என்பதுதான் அவர் கேள்வி. முதல் சோதனையில் ஒரு பொருளை அளக்க ஒன்பது நாட்கள் பிடித்தன. மாட்டு மூளையைப் பையில் வைத்துக்கொண்டு இலண்டன் நகரைக் கடந்து ஆய்வுக்கூடம் சென்றாராம்! 1971 அக்டோபர் 1 அன்று அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் மூளையிலிருந்த கட்டி படத்தில் தெரிந்தது. அக்கருவி ஒரு படத்துக்கு 28,800 அளவீடுகளை எடுத்துக் கணக்கிட்டது. 1979இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, உடன் பெற்ற கார்மாக் என்பவரும் மருத்துவர் அல்லர், இயற்பியலாளர்.

இப்போது நம் இல்லங்களுக்கே வந்து சேர்ந்த ஒரு கருவியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று நம்மை வாட்டியபோது, விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் உயிர்வளி அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை அறியாத வீடு இல்லை. எண்பத்தாறு, எழுபத்தெட்டு என்று அந்தச் சின்னஞ்சிறு திரையில் எண் இறங்க இறங்க, நம் நெஞ்சும் இறங்கியது. எத்தனையோ உம்மாமார்களும் வாப்பாமார்களும் அந்த எண்ணைக் கண்டே உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அதன் தத்துவத்தைக் கண்டவர் தக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியர். நீகாத்தா பல்கலைக்கழகத்தில் 1958இல் மின் பொறியியல் முடித்தவர். 1970களின் தொடக்கத்தில் நிஹோன் கோடன் என்னும் மருத்துவக் கருவி நிறுவனத்தில் அவருக்கு இட்ட பணி முற்றிலும் வேறு. இதயம் எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்பதை அறிய, குருதியில் ஒரு சாயத்தைச் செலுத்தி, அது காதுமடலைக் கடக்கும்போது ஒளியால் அளப்பார்கள். அந்த அளவீட்டின் கோடு நேராக வரவில்லை. நாடித் துடிப்பால் அது அலை அலையாக நடுங்கிற்று. இந்த நடுக்கத்தை நீக்குவதுதான் அவருக்கு வேலை.

இரு வேறு நிற ஒளிகளைச் செலுத்தி, ஒன்றை மற்றொன்றால் ஈடு செய்து நடுக்கத்தை அழித்துப் பார்த்தார். அழிந்தது. ஆனால் ஆளை மூச்சடக்கச் சொன்னதும், அழிந்த நடுக்கம் திரும்பி வந்துவிட்டது! உயிர்வளி குறையக் குறைய இரு ஒளிகளும் குருதியில் கடந்து செல்லும் விகிதம் மாறுகிறது என்பதை அப்போது அவர் கண்டார். தாம் களைய முற்பட்ட அந்த நடுக்கத்திலேயே தமக்கு வேண்டிய செய்தி இருந்தது. நாடியோடு சேர்ந்து துடிப்பது தமனிக் குருதி மட்டுமே. எனவே தோல், தசை, எலும்பு ஆகியவற்றின் குறுக்கீடு தானாகவே விலகிவிடும். 1974இல் இதற்கு உரிமம் கோரப்பட்டது. 1980களில் அமெரிக்க அறுவைக் கூடங்களில் பரவி, பின் உலகெங்கும் வந்தது. அவோயாகி 2020 ஏப்ரல் 18 அன்று மறைந்தார். அவர் கருவிக்காக உலகமே கடைகளில் வரிசையில் நின்ற நாட்கள் அவை.

குறிப்பலையையும் இரைச்சலையும் பிரித்தறிவது மின் பொறியியலாரின் அன்றாடப் பாடம். அவோயாகி அந்தப் பாடத்தை ஆழக் கற்றிருந்ததால்தான், இரைச்சலை அழிப்பதற்கு முன் அதை உற்று நோக்கத் தோன்றியது என்பது என் கருத்து.

இவ்வளவையும் படிப்போர், மின்னணுவியல் ஒன்றே வழி என்று முடிவு கட்டிவிடலாகாது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான செயற்கை இதய வால்வின் வரலாறு வேறு ஒன்றைக் கூறுகிறது. அயல்நாட்டு வால்வின் விலை நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டாதிருந்த காலம் அது. அறுவை மருத்துவர் வலியத்தான் அவர்களின் தலைமையில் மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து அதை உருவாக்கினர். இங்கே எழுந்த இடர்கள் எல்லாம் உலோகத்தின் இடர்கள், தேய்மானத்தின் இடர்கள். ஒரு நிமிடத்துக்கு 70 முறை என்று கொண்டாலும், இதயம் ஓராண்டில் மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் வட்டு ஒருமுறை திறந்து மூடவேண்டும். முதல் மூன்று வடிவங்கள் தோல்வியுற்றன. செயற்கை நீலக்கல்லால் செய்த வட்டும் ஒரு கட்டத்தில் முயன்று பார்க்கப்பட்டது. நான்காவது வடிவத்தில் கோபால்ட்டு கலந்த உலோகச் சட்டமும், மிகு மூலக்கூற்று எடையுடைய பாலித்தீன் வட்டும் நிலைபெற்றன. 1990 டிசம்பர் 6 அன்று அது முதன்முறையாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இங்கே டிரான்சிஸ்டருக்கு வேலையில்லை. இயந்திரவியலும் உலோகவியலும் பலபடிவேதியியலும் அறிந்தவருக்கே வேலை.

வேதிப் பொறியியலும் பின்தங்கவில்லை. அமெரிக்காவின் ராபர்ட் லேங்கர் அத்துறையில் பட்டம் பெற்று வெளிவந்த 1974ஆம் ஆண்டில், அவருடைய வகுப்புத் தோழர்களை எண்ணெய் நிறுவனங்கள் அள்ளிச் சென்றன. அவர் அந்த அழைப்புகளை விட்டுவிட்டு, பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பெரிய மூலக்கூறுள்ள மருந்தைப் பலபடிப் பொருளுக்குள் பொதிந்து சிறிது சிறிதாகக் கசியவிடலாம் என்பதை 1976இல் நிறுவினார். முதலில் எவரும் எளிதில் நம்பவில்லை. நிதி கேட்டு விடுத்த விண்ணப்பங்கள் பல திரும்பிவந்தன.

வான்கலப் பொறியியல் கற்றவர்களும் இவ்வழியில் உண்டு. விமான இறக்கையின் அதிர்வைப் பற்றி நூல் எழுதிய ஃபங் என்ற சீனப் பேராசிரியர், தம் தாயாரின் கண் அழுத்த நோயைப் பற்றி அறியப் புகுந்து உடலியல் நூல்களைப் படித்தார். பிறகு அதிலேயே தங்கிவிட்டார். குருதிக் குழாய்களின் இயக்கவியலுக்கு அவரே முன்னோடி.

இவ்விடத்தில் நம் இராமேசுவரம் அப்துல் கலாம் அவர்களை நினையாதிருக்க முடியாது. சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாது தவித்தபோது, அவருடைய சகோதரி தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார் என்பதை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கல்லூரியில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவம் அப்போது அவர் எண்ணத்திலேயே இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின், ஹைதராபாதில் ஏவுகணைக்கென உருவாக்கிய, எடை குறைந்த உறுதியான கலப்புப் பொருள் ஒன்றை எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்தார். உடனே கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்த சிறுவர் சிறுமியரைக் காட்டினார். மூன்று வாரங்களில் 300 கிராம் எடையில் மாற்றுத் தாங்கி தயாராயிற்று. அடகுக்குப் போன அந்த வளையல் எந்தப் பிள்ளையின் காலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இத்துறைக்கென உலகளாவிய கூட்டமைப்பு ஒன்று பாரிஸ் நகரில் தோன்றியது 1959இல்தான். தனிப் பட்டப் படிப்புகள் பெருகியது அதற்கும் பின்னரே. அமெரிக்காவில் விட்டேக்கர் அறக்கட்டளை என்ற ஒன்று 1975 முதல் 2006 வரை 70 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, பல்கலைக்கழகங்களில் இத்துறைகளை வளர்த்தது. ஆகவே, முன்னோடிகள் எவரும் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டு, அந்தப் படிப்பு வேண்டாம் என்று வாதிடுவது முறையன்று. அவர்கள் நாளில் அப்படிப்பு எங்கும் பரவியிருக்கவில்லை! இந்த ஓட்டையை என் நண்பரே சுட்டிக்காட்டினார், நியாயமான தடைதான்.

ஆயினும் ஒன்று மட்டும் தெளிவாகிறது. மேலே கூறியவர்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பொறியியலை அடிவரை அறிந்திருந்தனர்; மருத்துவத்தை மருத்துவரின் அருகிலிருந்து கற்றனர். இன்றைய உயிர்மருத்துவப் பொறியியல் பாடத்திட்டம் உடலியல், மின்சுற்று, பொருளியல்பு, கணிப்பொறி என்று பலவற்றையும் நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கப் பார்க்கிறது. நல்ல ஆய்வுக்கூடமும், உள்ளே சென்று பழக ஒரு மருத்துவமனையும் உள்ள கல்லூரியாயின் அது பெரும்பேறு. மருத்துவரின் மொழி மாணவனுக்கு இளமையிலேயே பழகிவிடும். இவ்விரண்டும் இல்லாத கல்லூரியாயின், எல்லாவற்றிலும் சிறிதும் எதிலும் ஆழமின்றியும் வெளிவரும் இடர் இருக்கிறது. அத்தகையோர் கருவிகளை விற்கும் பணியிலோ பராமரிக்கும் பணியிலோ அமர்கின்றனர். அதுவும் கண்ணியமான பிழைப்பே. ஒரு வென்டிலேட்டர் நள்ளிரவில் நின்றுவிட்டால் ஓடிவருபவர் அவர்தாம். ஆனால் நம் பையன் விரும்பியது கருவியை ஆக்கும் தொழில்.

வாசல் பின்னரும் திறந்தே இருக்கிறது என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், மேற்கூறிய திருவனந்தபுரம் நிறுவனமும் கூடித் தொடங்கிய மருத்துவமனைப் பொறியியல் முதுநிலைப் படிப்பு, பல பிரிவுப் பொறியாளர்களையும் ஏற்றுக்கொண்டது. முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு.

இவற்றையெல்லாம் மறுவாரம் அவ்விருவரிடமும் கூறினேன். பையனிடம் ஒன்று கேட்டேன்: "தம்பி, நீ ஆக்சிமீட்டரைப் பார்க்கும்போது, உள்ளே ஒளி எப்படி எண்ணாக மாறுகிறது என்று கேட்கத் தோன்றுகிறதா? அல்லது செயற்கைக் காலைப் பார்க்கும்போது மூட்டு எப்படி மடங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறதா?"

"ஒளிதான் மாமா" என்றான், தயங்காமல்.

மின்னணுவியலும் தகவல் தொடர்பும் என்ற பிரிவில், வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய கல்லூரியில் சேர்ந்தான். வாப்பாவுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை; உயிர்மருத்துவம் என்ற சொல் பட்டத்தில் இல்லையே என்பது அவர் குறை. சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் பழுதான இரத்த அழுத்தக் கருவியைப் பையன் திருகு திருகாகக் கழற்றி உணவு மேசை முழுவதும் பரப்பி வைத்திருந்தான். பெரியம்மா ஒரு மருத்துவர் வீட்டுக்கு நடந்து போய் அழுத்தம் பார்த்துவிட்டு வந்து, "இவன் இதை என்றைக்கு மூடுவான் என்று கேளுங்கள்" என்று என்னிடம் முறையிட்டார்.